ஒட்டன்சத்திரம் டு பழனி: நடப்பதா, பஸ் ஏறுவதா? தைப்பூசச் சாலையில் ஓர் இரவு!

தை மாதத்து விடியற்காலை, மணி இரண்டரை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கம் முருங்கைக்காய்க் கட்டுகளும் தக்காளிப் பெட்டிகளும் லாரியில் ஏறிக்கொண்டிருக்கின்றன. கேரளாவுக்குப் போகும் காய்கறி விடிவதற்குள் கிளம்பியாக வேண்டும். அதே சாலையின் மறு ஓரத்தில் பச்சை வேட்டியும் காவித் துண்டுமாக ஆட்கள் எழுந்து உட்கார்ந்து போர்வையை மடிக்கிறார்கள். மூடிக் கிடக்கும் கடைகளின் வாசலில் வரிசையாகப் படுத்திருந்தவர்கள் அவர்கள். இவர்களும் விடிவதற்குள் கிளம்பியாக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தார்ச்சாலையில் வெறுங்காலை வைக்க முடியாது.

பழனிக்கு இன்னும் சுமார் 30 கிலோமீட்டர்.

சிங்கம்புணரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கிளம்பிய குழுவில் சுமார் நாற்பது பேர். நத்தம், திண்டுக்கல் தாண்டி நான்காவது நாள் இது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர. 63 வயதான அந்த அம்மா எழ முயன்று, கடை ஷட்டரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலது முழங்கால் வீங்கியிருக்கிறது. பக்கத்தில் முப்பது வயதைத் தாண்டிய மருமகள், தேங்காய் எண்ணெயைக் கையில் ஊற்றித் தேய்த்துவிட்டுக்கொண்டிருக்கிறார்.

"அத்தை, பேசாம பஸ்ல போயிருங்க. நான் குருசாமிகிட்ட சொல்லிக்கிறேன்."

"நேந்துக்கிட்டது நான்த்தா. பஸ்ல போறதுக்கா மாலை போட்டேன்?"

இந்த இரண்டு வரிகளை, ஆளும் ஊரும் மாற்றி, தைப்பூச நாட்களில் திண்டுக்கல்–பழனி சாலையில் எங்கு நின்றாலும் கேட்கலாம். நடப்பதா, பஸ் ஏறுவதா? வெளியில் இருப்பவர்களுக்கு இது ஒரு சாதாரணக் கேள்வி. மூன்று நாள் நடந்து, நூறு கிலோமீட்டர் நெருங்கி, மலையின் விளக்கைப் பார்க்கப் போகும் நேரத்தில் கால் நின்றுபோனவருக்கு அப்படி இல்லை.

சத்திரங்களின் சாலை

இந்தச் சாலை யாத்திரைக்காரர்களுக்குப் புதிதல்ல. ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். திண்டுக்கல்லைத் தாண்டினால் ரெட்டியார்சத்திரம். அப்புறம் மூலச்சத்திரம். அதற்கடுத்து ஒட்டன்சத்திரம். அதையும் தாண்டினால் சத்திரப்பட்டி. நடந்து போகிறவர்கள் தங்க இடமும் குடிக்கத் தண்ணீரும் இருந்த சாலை என்பதை ஊர்களே சொல்லிக்கொண்டிருக்கின்றன. இன்றைக்கு அந்தப் பெயர்களைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பவர்களுக்கு அவை வெறும் ஸ்டாப்பிங். நடப்பவர்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு இரவு, அல்லது ஒரு மதியத் தூக்கம்.

சிவகங்கைச் சீமைக்காரர்கள் இந்தப் பக்கம் வருவதும் பழைய பழக்கம்தான். குன்றக்குடியிலிருந்து கிளம்பும் நகரத்தார் காவடி நூற்றாண்டுகளாக வருகிறது. சர்க்கரைக் காவடி எடுத்து வரும் அவர்களில் பலர், சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போதும் நடந்தே ஊர் போவார்கள் என்பது பலருக்குத் தெரியாது. போகும்போது நடை, வரும்போது பஸ் என்று பழகிப்போன மற்ற குழுக்களுக்கு அது ஒரு தனி ஆச்சர்யம். இன்னொரு பக்கம், கொங்கு நாட்டுக் குழுக்கள் உடுமலை, மடத்துக்குளம் வழியாக மேற்கிலிருந்து வருகின்றன. எடப்பாடியிலிருந்து வரும் பருவதராஜகுலக் காவடிக்குத் தனிக் கணக்கு. பூசம் முடிந்த பிறகு வரும் அவர்கள், மலை மேலேயே ஓர் இரவு தங்கும் உரிமை பெற்றவர்கள்.

எல்லாப் பாதைகளும் கடைசியில் ஓர் அடிவாரத்தில் வந்து சேர்கின்றன. அதனால்தான் கடைசி 30 கிலோமீட்டரில் நெரிசல் அப்படி. திண்டுக்கல் வரைக்கும் பல சாலைகளில் பிரிந்து வந்த மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திருச்சிக் குழுக்கள் எல்லாம் இங்கே ஒரே ஓரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. அதே ஓரத்தில்தான் சிறப்புப் பேருந்தும், காய்கறி லாரியும், கொடைக்கானல் போகிற காரும், பைக்கில் அன்னதானப் பொட்டலம் எடுத்து வருகிற உள்ளூர் இளைஞர்களும்.

வெள்ளைக்கோட்டின் ரகசியம்

திண்டுக்கல்–பழனி சாலையோரம் பாதயாத்திரைக்காரர்களுக்கென்றே தனி நடைபாதை பல இடங்களில் போடப்பட்டிருக்கிறது. பேவர் பிளாக் கல் பதித்த பாதை. அப்படி ஒன்று இருக்கும்போது ஏன் இவர்கள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள் என்று பஸ்ஸில் போகிறவர்கள் அலுத்துக்கொள்வது சகஜம். ஓட்டுநர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், கொஞ்சம் சூடாகவே.

பதில் பாதத்தில் இருக்கிறது.

செருப்பில்லாமல் நூறு கிலோமீட்டர் நடந்த காலுக்குக் கல்லின் விளிம்பு தெரியும். இரண்டு பேவர் கற்களுக்கு நடுவில் முளைத்த புல் தெரியும், அதில் ஒளிந்திருக்கும் நெருஞ்சி முள் இன்னும் நன்றாகத் தெரியும். கல் பெயர்ந்த இடத்தில் ஜல்லி கிடக்கும். கடைக்காரர் போர்டை வைத்திருப்பார், பைக் நிறுத்தியிருக்கும், சுற்றிக்கொண்டு சாலையில் இறங்கித்தான் மறுபடி ஏற வேண்டும். நான்கு முறை இறங்கி ஏறினால் ஐந்தாவது முறை யாரும் ஏறுவதில்லை.

அதனால் எல்லோர் காலும் தேடுவது சாலை ஓரத்து வெள்ளைக்கோட்டை. பெயின்ட் அடித்த அந்த நான்கு விரல் அகலம்தான் மொத்தச் சாலையிலும் வழவழப்பான இடம். வெயில் நேரத்தில் கறுப்புத் தாரைவிட அது சூடு குறைவு. காலை ஒன்பதரை மணிக்கு மேல் பார்த்தால் ஒட்டுமொத்தக் குழுவும் கயிற்றில் நடப்பதுபோல் ஒரே கோட்டில் போகும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால், அந்தக் கோட்டுக்கு ஒரு முழம் தள்ளித்தான் பஸ்ஸின் சக்கரம் வருகிறது.

நடைபாதை போடுவதற்குச் செலவு செய்தாகிவிட்டது. பூசத்துக்கு ஒரு வாரம் முன்னால் அதைக் கூட்டிப் பெருக்கி, முள் பொறுக்கி, கடைக்காரர்களின் போர்டுகளை உள்ளே தள்ளவைத்தால் பாதிப் பேர் தாமாகவே மேலே ஏறிவிடுவார்கள். வெறுங்காலோடு ஒரு கிலோமீட்டர் நடந்து பார்த்த ஓர் அதிகாரி போதும் இதற்கு.

இருட்டுதான் பெரிய ஆபத்து. போலீஸாரும் தன்னார்வலர்களும் ஒளிரும் பட்டைகளையும் குச்சிகளையும் கொடுக்கிறார்கள். பையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒட்டிக்கொண்ட பையின் மேல் குளிருக்குப் போர்வையைப் போர்த்திவிட்டால் என்ன பயன்? இந்தச் சின்ன விஷயத்தைக் கவனிக்காத குழுக்கள்தான் அதிகம். விவரமான குருசாமிகள் பட்டையைப் போர்வை மேலேயே ஊசி குத்தி மாட்டிவிடுகிறார்கள். குழுவின் கடைசி ஆளாகக் கையில் டார்ச்சோடு ஒரு திடகாத்திரமான இளைஞரை நிறுத்துகிறார்கள். அவர் வேலை நடப்பது மட்டுமல்ல, அடிக்கடி திரும்பிப் பார்ப்பதும். நடைபாதை இல்லாத இடங்களில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக நடப்பது நல்லது. முதுகுக்குப் பின்னால் வருவதைக் காட்டிலும் முகத்துக்கு நேரே வருவதிலிருந்து ஒதுங்குவது சுலபம்.

இன்னொன்று, பாட்டு. குழுவோடு வரும் 'குட்டி யானை' வண்டியில் ஸ்பீக்கர் கட்டி முருகன் பாடல்களைப் போட்டுக்கொண்டு நடந்தால் கால்வலி தெரியாது என்பது உண்மை. பின்னால் வருகிற ஹாரனும் தெரியாது என்பதும் உண்மை.

ஒரு முழங்காலும் ஒரு நேர்த்திக்கடனும்

ஒட்டன்சத்திரம் கடை வாசலுக்கு வருவோம். அந்த அம்மாவின் நேர்த்திக்கடன், பேரனுக்காக. ஏழு வயதுப் பையன். போன மழைக்காலத்தில் டெங்கு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன ஓர் இரவில், வராந்தாவில் உட்கார்ந்திருந்த அப்பத்தா மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொண்டார். பையன் பிழைத்து எழுந்தால் பழனிக்கு நடந்து வருவது, பையனுக்கு மொட்டை போடுவது.

மருமகளுக்கு இதில் அவ்வளவு ஒட்டுதல் இல்லை. "டாக்டர் பாத்தாரு, நர்ஸு ராத்திரி பூரா கண்ணு முழிச்சாங்க. புள்ள பொழைச்சான். இவுக முடிஞ்சு வச்ச காசாலயா பொழைச்சான்?" என்று வீட்டில் சண்டையே நடந்திருக்கிறது. சர்க்கரையும் முழங்கால் தேய்மானமும் இருக்கிற மாமியார் அத்தனை கிலோமீட்டர் நடப்பதில் அவருக்குத் துளியும் சம்மதமில்லை. தடுக்க முடியவில்லை என்றதும் தானும் மாலை போட்டுக்கொண்டு கூடவே வந்துவிட்டார். சாமிக்காக வந்தேனா, மாமியாருக்காக வந்தேனா என்று கேட்டால், "மாத்திரை குடுக்க வந்தேன்" என்கிறார். மாத்திரை டப்பா, குளுக்கோஸ் பாக்கெட், கிரேப் பேண்டேஜ் எல்லாம் அவர் பையில் இருக்கின்றன. அவர்களோடு வரும் மற்ற பெண்களும் இப்போது வலி என்றால் அவரிடம்தான் வருகிறார்கள்.

மூன்று நாளாக நடையும் நன்றாகத்தான் போனது. நத்தம் தாண்டி ஒரு மேடு இறங்கும்போது கால் பிசகியதை அந்த அம்மா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பஸ் ஏற்றிவிடுவார்கள் என்று தெரியும். முந்தின நாள் மாலை மருத்துவ முகாமில் வலி ஸ்பிரே அடித்துக்கொண்டு சமாளித்தார். ஸ்பிரே வலியை மறைக்கும், வீக்கத்தை மறைக்காது. இரவு கால் நீட்டிப் படுத்தபோதுதான் மருமகள் பார்த்தார்.

குருசாமி வந்து உட்கார்ந்தார். கட்டட மேஸ்திரி, இருபது வருடங்களுக்கு மேல் இந்தச் சாலையில் நடப்பவர். காலைத் தொட்டுப் பார்த்தார். "மதினி, இதோட முப்பது கிலோமீட்டரு ஆகாது" என்றார்.

"முருகன் கோவிச்சுக்க மாட்டானா?"

"இடும்பன் கதை தெரியும்ல? மொதல்ல காவடி எடுத்தவனே அவன்தான். ரெண்டு மலையத் தூக்கிக்கிட்டு வந்தவன், முடியலன்னு எறக்கி வச்ச எடந்தான் பழனி. எறக்கி வச்சவனுக்குக் கோயில் கட்டித்தானே கும்பிடுறோம்? அவனைக் கும்பிட்டுட்டுத்தான மேல ஏறுறோம்?"

இதைக் கேட்டு அந்த அம்மா சமாதானம் ஆகிவிட்டார் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. "அவன் சிவகிரி, சக்திகிரியைத் தூக்குனான். நான் என்னத்தத் தூக்குனேன்?" என்றார். குருசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் பேசி முடித்தது மருமகள்தான். "நீங்க நேந்துக்கிட்டத நான் நடக்குறேன் அத்தை. இங்கருந்து அடிவாரம் வரைக்கும் ஒரு அடி வண்டியேற மாட்டேன். முடிஞ்சு வச்ச காசை எங்கிட்ட குடுங்க."

அந்த அம்மா வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, உள்ளேயிருந்த மஞ்சள் முடிச்சை மருமகள் கையில் வைத்தார். "தண்ணி பட்டுராம வச்சுக்க" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

பஸ் என்றால் சொகுசா?

பாதயாத்திரையில் பாதியில் பஸ் ஏறுவது சுகத்துக்கான வழி என்று நினைப்பவர்கள் தைப்பூச வாரத்தில் ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றதில்லை என்று அர்த்தம். திண்டுக்கல்லிலிருந்தும் மதுரையிலிருந்தும் சிறப்புப் பேருந்துகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால், கிளம்பும் இடத்திலேயே நிறைந்துவிட்ட பஸ், நடுவழியில் கை காட்டுகிறவர்களுக்கு நிற்பது அபூர்வம். நின்றால் ஏறுவது ஓர் ஓட்டப்பந்தயம். ஓட முடிந்தவர் எதற்குப் பஸ் ஏறப்போகிறார்?

கால் முடியாதவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். பெரிய சிறப்புப் பேருந்துகளுக்குப் பின்னால் ஓடாமல், ஒட்டன்சத்திரத்திலிருந்தே கிளம்பும் வண்டிக்குக் காத்திருப்பது நல்லது. சாதாரண டவுன் பஸ்ஸாக இருந்தால் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. எல்லா ஊரிலும் நின்று நின்று போகும், அதுதான் வசதியும்கூட. எங்கே முடியவில்லையோ அங்கே ஏறலாம், எங்கே முடிகிறதோ அங்கே இறங்கலாம். அதிகாலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் கூட்டம் கொஞ்சம் இளைத்திருக்கும். ரயிலும் உண்டு. திண்டுக்கல்–பழனி பாதை அகலப்பாதையாகி 2012-ல் மறுபடி ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, ஒட்டன்சத்திரம் ஸ்டேஷனில் ஏறிப் போவோரும் இருக்கிறார்கள். பூசத்துக்கு மதுரையிலிருந்து சிறப்பு ரயில் விடுவதும் உண்டு. ரயில் நேரம் நமக்கு ஒத்துவருவது அவரவர் அதிர்ஷ்டம்.

பழனி வரைக்கும் பஸ் போகிறதே என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. கூட்டம் முற்றிய நாட்களில் ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டுவிடுவார்கள். மலையைச் சுற்றிய கிரிவீதியில் தனியார் வாகனங்களுக்கு இப்போது அனுமதி கிடையாது. முதியவர்களுக்காகக் கோயில் சார்பில் பேட்டரி வண்டிகள் ஓடுகின்றன, அதற்கும் வரிசை உண்டு. ஆக, பஸ்ஸில் வந்தாலும் பழனியில் கொஞ்சமாவது நடந்தே ஆக வேண்டும்.

அந்த அம்மாவுக்கு நாலரை மணி டவுன் பஸ்ஸில் இடம் கிடைத்தது. துணைக்கு, உள்ளங்காலில் கொப்புளம் வெடித்துப்போன கல்லூரி மாணவன் ஒருவன். அவனுக்கும் பஸ் ஏறுவதில் அவமானம்தான். இன்ஸ்டாகிராமில் மூன்று நாளாக நடைப் படங்களைப் போட்டுவந்தவன், பஸ்ஸில் ஏறியதும் போனை உள்ளே வைத்துவிட்டான்.

பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அந்த அம்மா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். "உக்காருங்கம்மா, கால் முடியலன்னுதான ஏறுனீங்க?" என்றார் கண்டக்டர். "புள்ளைங்க நடக்குது தம்பி. நான் நின்னுக்கிட்டாவது வர்றேன்" என்று பதில் வந்தது. மாலை போட்டவர்கள் இப்படிச் சொல்வது கண்டக்டருக்குப் புதிதில்லை போலும். ஒன்றும் பேசாமல் அந்த சீட்டில் வேறு யாரையும் உட்காரவிடாமல் பார்த்துக்கொண்டார். விருப்பாச்சி வருவதற்குள் முழங்கால் ஜெயித்துவிட்டது. அந்த அம்மா உட்கார்ந்தார்.

இருட்டில் நடந்தவர்கள்

அதே நேரம் சாலையில் மருமகள் நடந்துகொண்டிருந்தார். இடது பக்கம் கொடைக்கானல் மலைத்தொடர் கறுப்பாகக் கூடவே வருகிறது. பனி இறங்கி, தலைத்துண்டு நனைகிறது. விருப்பாச்சியில் ஒரு டீக்கடையில் சுக்குக் காபி கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை.

விருப்பாச்சி என்றதும் எல்லோருக்கும் மலைவாழைதான் ஞாபகத்துக்கு வரும். புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. பழனிப் பஞ்சாமிர்தத்தின் பழைய ருசிக்கு அந்தப் பழம்தான் காரணம் என்பார்கள். பஞ்சாமிர்தமும் 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. சிவகங்கைக்காரர்களுக்கு மட்டும் இந்த ஊரோடு இன்னொரு தொடர்பு உண்டு. 1772-ல் கணவரை இழந்து சீமையை விட்டு வெளியேறிய ராணி வேலுநாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்தவர், விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர். ஊரில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. குழுவில் இருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருட்டிலேயே கை காட்டி இதைச் சொல்லிக்கொண்டு வந்தார். பாதிப் பேர் தூங்கிக்கொண்டே நடந்ததால் எத்தனை பேர் காதில் விழுந்ததோ!

தூங்கிக்கொண்டே நடப்பது என்பது பேச்சுக்காகச் சொல்வதல்ல. நான்காவது நாள் விடியற்காலையில் அது நிஜமாகவே நடக்கிறது. கண் திறந்திருக்கும், கால் போகும், ஆள் இருக்க மாட்டார். சத்திரப்பட்டிக்கு முன்பாக அப்படித்தான் குழுவில் ஒருவர் வெள்ளைக்கோட்டைத் தாண்டி உள்ளே நகர்ந்துவிட்டார். பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தது. முன்னால் வண்டியில் பாட்டு. மருமகள்தான் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். பஸ் போன காற்றில் போர்வை பறந்தது. இழுபட்டவர் விழித்து, "வேல் வேல்" என்றார், பழக்கதோஷத்தில்.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. குருசாமி வண்டியை நிறுத்தி ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னார். "விடியிற வரைக்கும் பாட்டு வேணாம். வாயால சொல்லுங்க" என்றார். அதற்கப்புறம் இருட்டில் ஒருவர் "வெற்றிவேல்" என்று குரல் கொடுக்க, மற்றவர்கள் "வீரவேல்" என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். பதில் வராத ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். ஸ்பீக்கர் இல்லாத காலத்தில் இப்படித்தான் நடந்திருப்பார்கள்.

ஒவ்வொரு வருடமும் பூச நேரத்தில் ஏதாவது ஒரு சாலையிலிருந்து யாத்திரைக்காரர்கள் மேல் வண்டி மோதிய செய்தி வருகிறது. அந்தச் செய்திகளில் அநேகமாக நேரம் என்று குறிப்பிடப்படுவது நள்ளிரவு, அல்லது அதிகாலை. வெயிலுக்குப் பயந்து இரவில் நடக்கிறார்கள், இரவில் ஓட்டுநருக்கும் தூக்கம், நடப்பவருக்கும் தூக்கம். விடிந்து ஆறு முதல் ஒன்பதரை, மாலை நான்கு முதல் எட்டு என்று நேரத்தைப் பிரித்துக்கொண்டால் ஒருநாள் கூடுதலாகும். அந்த ஒருநாள் லீவு கிடைக்காது என்பதுதான் பெரும்பாலான குழுக்களின் பதில். தைப்பூசம் 2021-லிருந்து அரசு விடுமுறை. ஆனால், அதற்கு முந்தைய நான்கு நாளைக்கு மில்லிலும் கடையிலும் சித்தாள் வேலையிலும் யார் லீவு கொடுப்பார்கள்?

அப்படியானால், நெரிசலும் இருட்டும் சேர்ந்த பகுதியை மட்டும் பஸ்ஸில் தாண்டிவிடலாமே? சில குழுக்கள் இப்போது அதைத்தான் செய்கின்றன. ஊரிலிருந்து திண்டுக்கல் வரை நடை. அங்கிருந்து பஸ் ஏறி ஆயக்குடியில் இறங்கி, மறுபடி அடிவாரம் வரை நடை. "அதென்ன நடை?" என்று கேலி பேசுகிற குருசாமிகளும் உண்டு. கேலிக்குப் பயந்து குழந்தையோடும் வயதானவர்களோடும் இருட்டில் நடப்பதைவிட, கேலியைக் கேட்டுக்கொள்வது மேல்.

ஆயக்குடிப் பந்தலில்

பத்தரை மணிக்குக் குழு ஆயக்குடி வந்து சேர்ந்தது. கொய்யாவுக்குப் பேர்போன ஊர். சாலையோரம் கூடை கூடையாகக் கொய்யா. அன்னதானப் பந்தலில் தக்காளி சாதம், தண்ணீர் பாக்கெட். பந்தலைச் சுற்றிக் காலியான பாக்கெட்டும் பேப்பர் தட்டும் கால் புதையும் அளவுக்குக் கிடந்தன. சாப்பாடு போடுபவர்களுக்குக் கூடவே நான்கு சாக்குப் பையைக் கட்டிவைக்கத் தோன்றாதது ஏனோ.

பந்தல் ஓரத்துப் புளியமரத்தடியில், காலை நீட்டி, முழங்காலில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். கூட அந்தக் கல்லூரி மாணவன், கொய்யா தின்றுகொண்டு.

"பழனியில எறங்கச் சொன்னா இங்க எறங்கி உக்காந்திருக்கீக?" என்றார் மருமகள். கோபமா, நிம்மதியா என்று சொல்ல முடியாத குரல்.

"இவுக கண்டக்டர்கிட்ட ஆயக்குடின்னு சொல்லிட்டாங்க அக்கா. நான் என்ன பண்றது?" என்றான் மாணவன்.

"நீ வரட்டும்னுதான் எறங்குனேன். கடைசி வாசல்லயாவது கூட நடந்துக்கிறேன்" என்றார் மாமியார். பிறகு மருமகளின் காலைப் பார்த்தார். குதிகால் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. "இங்க வா" என்று பக்கத்தில் உட்காரவைத்து, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, காலையில் மருமகள் தேய்த்துவிட்ட அதே எண்ணெய் பாட்டிலைத் திறந்தார். மருமகள் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். மாமியார் விடவில்லை.

வெயில் தாழ நான்கு மணிக்குக் கிளம்பினார்கள். இனி இருப்பது சில கிலோமீட்டர்தான். கிரேப் பேண்டேஜ் கட்டிய காலோடு, மருமகள் தோளில் ஒரு கை, மூங்கில் கழியில் ஒரு கை. குழு முன்னால் போய்விட்டது. குருசாமி மட்டும் பின்னால் வருவதுபோலக் கூடவே வந்தார். நூறு அடிக்கு ஒருமுறை நின்றார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு திருப்பத்தில் மலை மேல் விளக்கு தெரிந்ததும் சாலையில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் "அரோகரா" என்றார்கள். அந்த அம்மாவுக்குக் குரல் வரவில்லை. கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கினார்.

அடிவாரத்தில் திருஆவினன்குடியில் முதலில் கும்பிட்டுவிட்டுத்தான் மலையேறுவது முறை. ஏறுவதற்குப் படிகள் கிட்டத்தட்ட 690. சரிவாகச் சுற்றிப் போகும் யானைப்பாதை, முழங்கால் வலிக்காரர்களுக்குப் படியைவிட மேல். 1960-களிலிருந்தே விஞ்ச் ஓடுகிறது, 2004-லிருந்து ரோப் காரும். பூச நாட்களில் விஞ்ச் வரிசையில் நிற்கிற நேரத்தில் இரண்டு முறை படியேறி இறங்கிவிடலாம் என்பார்கள், கால் நன்றாக இருப்பவர்கள்.

"விஞ்ச்சுல போயிரலாம் அத்தை. எத்தனை மணி நேரமானாலும் நிக்கலாம், அவசரமில்ல" என்றார் மருமகள். இந்த முறை மறுப்பு வரவில்லை. முடிச்சு எங்கே என்று மட்டும் மாமியார் கேட்டார். மருமகள் பையைத் திறந்து, மாத்திரை டப்பாவை எடுத்தார். மஞ்சள் முடிச்சு அதற்குள் பத்திரமாக, நனையாமல் இருந்தது.

போன் அடித்தது. அப்பாவோடு ஊரிலிருந்து பஸ் ஏறியிருந்த பையன், திண்டுக்கல் தாண்டிவிட்டானாம்.

"அப்பத்தா, முழுசா நடந்தே போயிட்டியா?"

"பாதி நான் நடந்தேன். பாதி ஒங்கம்மா நடந்தா."

"சரி, மொட்டை போட்டா தலை குளிருமா?"

"குளிரும். சந்தனம் தடவுனா இன்னும் குளிரும். குல்லா எடுத்துட்டு வரச் சொல்லு ஒங்கப்பனை" என்றபடியே அந்த அம்மா விஞ்ச் வரிசையில் போய் நின்றார்.